முகம் காணாத சிநேகிதம்

யாழ்ப்பாணத்துப் பேப்பர்களில் மரண அறிவித்தல் வராத நாள் இல்லை. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிற நாடுகள் என்று எல்லாம் ஒழுங்காக வரும். இந்த மண்ணில் ஒரு காலம் நன்றாக வாழ்ந்து, யாருடைய கண்ணிலும் படாமல் போய்ச் சேர்ந்த ஒன்றுக்கு அறிவித்தல் போட மட்டும் ஆளில்லை. எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை வேறு நாட்டுப் பிள்ளைக்கு எழுதிய கடிதமும், அங்கிருந்து வந்த பதிலும்தான் அது. பேனா நட்பு என்றோம்.

கடல் கடந்த கடிதம் யாழ்ப்பாணத்துக்குப் பழையது. அமெரிக்க மிஷன் 1816இல் இங்கே கால் வைத்தது. 1820 முதல் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்த ஜோன் ஸ்கடர், அமெரிக்கச் சிறுவர்களுக்கென்றே கடிதங்கள் எழுதினார். அவை அங்கே அச்சாகிப் பரவின. வட்டுக்கோட்டை செமினரியிலும் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையிலும் படித்த பிள்ளைகளின் செலவை அமெரிக்கக் கொடையாளர்கள் ஏற்றார்கள். ஏற்றவர் விரும்பிய பெயர் பிள்ளைக்கு வைக்கப்பட்டது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆணல்ட் சதாசிவம்பிள்ளை என்று நம் கல்வி வரலாற்றில் நிற்கும் பெயர்களின் முன்பாதி அப்படி வந்ததுதான். அந்தத் தொடர்பில் ஒரு பக்கம் கொடுத்தது, மறுபக்கம் நன்றி சொன்னது. அதை நட்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பேனா நட்பு வேறு. இங்கே பன்னிரண்டு வயது என்றால் அங்கேயும் பன்னிரண்டு வயது. இவர் ஒரு முத்திரை அனுப்பினால் அவர் ஒன்று அனுப்பினார். யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. ஒரு சின்னத் தீவின் வடக்குக் கரையில் இருந்த பிள்ளைக்கு, உலகத்தோடு சரிக்குச் சரி நின்று பேசக் கிடைத்த முதல் வாய்ப்பு அது என்றே நினைக்கிறேன்.

விலாசங்கள் சஞ்சிகைகளின் பேனா நண்பர் பகுதியிலிருந்து வந்தன. பெயர், வயது, விலாசம், அதற்குக் கீழே பொழுதுபோக்கு. முத்திரை சேகரித்தல், பாட்டுக் கேட்டல், பேனா நட்பு என்று மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மொஸ்கோ வானொலியின் தமிழ் நிகழ்ச்சிக்கு எழுதிப் பதில் பெற்றவர்கள் அந்தப் பழக்கத்தில் வேறு விலாசங்களையும் தேடினார்கள். சில ஆங்கில ரீச்சர்மார் எங்கிருந்தோ ஒரு பட்டியலைக் கொண்டுவந்து வகுப்பில் பகிர்ந்தார்கள். படிவம் நிரப்புகிற இடத்திலேயே முதல் சிக்கல் வரும். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயரை எழுதுவார்கள். அங்கிருந்து வரும் முதற் கடிதம் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைக்கும். நம்முடைய பெயர் வழக்கத்தை விளக்குவதே இரண்டாம் கடிதத்தின் பெரிய வேலை.

கடிதம் என்றால் இரண்டு வகை. ஒன்று ஏரோகிராம். மெல்லிய நீலத் தாள், முத்திரை அதிலேயே அச்சடித்திருக்கும், மடித்து ஒட்டினால் அதுவே உறையாகிவிடும். செலவு குறைவு. ஆனால் உள்ளே எதையும் வைக்கக்கூடாது. மற்றது, ஓரத்தில் சிவப்பும் நீலமும் சரிவாகக் கோடு போட்ட எயார்மெயில் என்வலப். அதைத் தபாற்கந்தோரில் நிறுத்துப் பார்த்து முத்திரை ஒட்ட வேண்டும். பாரம் கூடினால் காசும் கூடும். கொப்பித் தாள் பாரமானது என்று மெல்லிய தாள் வாங்கி, காசை மிச்சம் பிடிக்க இரண்டு பக்கமும் எழுதுவார்கள். மை மறுபக்கம் ஊறி, வரி வரியின் மேல் ஏறி நிற்கும். அப்படியிருந்தும் பிள்ளைகள் என்வலப்பையே விரும்பினார்கள். அதற்குள்தான் போட்டோவும் முத்திரையும் வைக்கலாம். வந்த உறையின் மூலையை முத்திரையோடு சேர்த்து வெட்டி, ஒரு கோப்பைத் தண்ணீரில் மிதக்க விட்டு, பசை இளகியதும் மெல்ல உரித்து, பழைய பேப்பரின் நடுவில் வைத்து மேலே அகராதியைத் தூக்கி வைப்பது ஒரு தனி வேலை. அவசரப்பட்டு இழுத்தால் முத்திரையின் பல் கிழியும். பல் கிழிந்தால் அல்பத்தில் அதற்கு இடமில்லை.

கொழும்பிலிருந்து இரவு மெயில் ரயிலில் தபால் பைகள் காங்கேசன்துறைப் பாதையில் விடியப்புறம் வந்து சேரும். பிறகு ஊர் ஊராய் உப தபாற்கந்தோர்களுக்குப் போய், பீயோனின் சைக்கிளில் ஒழுங்கைக்குள் வரும். படலையில் மணி அடித்தால் வீட்டில் முதலில் ஓடுவது கடிதத்துக்குரிய பிள்ளை. ஆனால் கடிதத்தை முதலில் பிரிப்பது, முக்கியமாகப் பெண்பிள்ளைக்கு வந்ததென்றால், பெரும்பாலும் அப்பாதான். பெண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளுக்கே எழுதலாம் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சிநேகிதம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. பெரிய கல்லூரிகளில் படித்த பிள்ளைகளுக்கும், வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒருவராவது இருந்த பிள்ளைகளுக்கும்தான் அது எளிதாகக் கைக்கு எட்டியது. பள்ளிக்கூட வாசலுக்கு வருவதற்கே சாதியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனை பேர் பின்லாந்துக்கும் யப்பானுக்கும் எழுதியிருப்பார்கள்? நல்லதைப் புகழும்போது அது யாருக்கு நல்லதாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

எழுதியவர்கள் என்ன எழுதினார்கள்? ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும் சுருங்கி, தமிழ்மூலம் படிக்கத் தொடங்கிய தலைமுறைக்கு, ஆங்கிலத்தில் ஒரு ஆளோடு உண்மையாகப் பேசுவதற்கு இருந்த ஒரே இடம் இந்தக் கடிதம். வீட்டுத் தோட்டத்துப் பனங்கிழங்கை எப்படிச் சொல்வது என்று அகராதியைப் புரட்டுவார்கள், கிடைக்காது. பனங்கொட்டையை மண்ணில் புதைத்து, முளை இறங்கியபின் கிண்டி எடுத்து, அவித்துத் தின்பது என்று ஒவ்வொரு படியாக எழுதவேண்டி வரும். எழுதும்போதுதான் தெரியும், அன்றாடம் தின்கிற கிழங்கைத் தான் இதுவரை கவனித்துப் பார்த்ததே இல்லை என்று. நல்லூர்த் திருவிழா ஏன் இருபத்தைந்து நாள், கீரிமலையில் கடலின் பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்படி ஊறுகிறது என்று அந்நியப் பிள்ளை கேட்டால், பதில் தேடி ஆச்சியிடமும் வாத்தியாரிடமும் போகவேண்டும். 1972 மே மாதம் நாடு குடியரசானபின் முத்திரையில் சிலோன் என்ற பெயர் போய் ஸ்ரீ லங்கா வந்தது. நீங்கள் வீடு மாறிவிட்டீர்களா என்று யாராவது கேட்டிருந்தால், ஒரு அரசியலமைப்பு மாற்றத்தை விளக்கும் பொறுப்பு ஏழாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் விழுந்திருக்கும். தன் ஊரை அந்நியரின் கண்ணால் பார்க்கப் பழக்கியதுதான் பேனா நட்பின் பெரிய கொடை. எந்தப் பாடப்புத்தகமும் அந்தப் பழக்கத்தைத் தரவில்லை.

இனி அது செத்த விதம்.

உலகத்தின் மற்ற இடங்களில் இதைக் கொண்டுபோனது இணையம். பின்லாந்தின் துர்க்கு நகரிலிருந்து 1952 முதல் பிள்ளைகளுக்குப் பேனா நண்பர்களைத் தேடிக் கொடுத்த இன்ரநஷனல் யூத் சேர்விஸ் என்ற அமைப்பு, மின்னஞ்சல் பெருகியபின் 2008 ஜூனில் கதவைச் சாத்தியது. யாழ்ப்பாணத்தில் சாவு அதற்கு வெகு முந்தியே வந்துவிட்டது. கொன்றது கணினியல்ல, போர்.

1983 யூலை வன்செயலுக்குப் பிறகு வெளிநாட்டுக் கடிதம் என்பதன் பொருளே மாறியது. ஜேர்மனி முத்திரை ஒட்டி வந்தால் அது அண்ணாவின் கடிதம். பிரான்ஸ் என்றால் மாமாவின் கடிதம். சேர்ந்தாரா, விசா கிடைத்ததா, ஏஜென்சிக் காசு எவ்வளவு மிச்சம் என்பதுதான் அதில் இருக்கும். முத்திரையை யாரும் உரிக்கவில்லை. வீட்டில் ஒருவர் எல்லை கடக்கும் வழியில் எங்கே நிற்கிறார் என்று தெரியாதபோது, முகம் தெரியாத பிள்ளையிடம் பனிமழை எப்படி இருக்கும் என்று கேட்டு எழுத யாருக்கு மனம் வரும்?

1990 யூனில் போர் மறுபடி மூண்டது. யாழ்தேவியும் மெயில் ரயிலும் நின்றன. மின்சாரம் போனது, தொலைபேசி போனது. பொருளாதாரத் தடையில் தாளுக்கு இருந்த பஞ்சத்துக்கு ஒரு சாட்சி போதும்: உதயன் பத்திரிகையே கொப்பிக்குக் கோடு போட்ட தாளில் அச்சாகி வந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, ஒரு சொட்டு மண்ணெண்ணெயில் எரிந்த விளக்கில் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். கடிதம் எழுதினால், கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போகிற ஆளைப் பார்த்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். அப்படிப் போன கடிதத்தில் உயிர்ச் செய்திதான் இருக்கும், முத்திரை மாற்றும் விண்ணப்பம் இருக்காது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. கையில் எடுத்தது அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், நகை, இரண்டு உடுப்பு. பிஸ்கற் ரின்னில் அடுக்கி வைத்த கடிதங்களை யார் எடுப்பார்கள்? எறிகணை விழுந்த வீட்டோடு எரிந்தவை போக, வெளிநாட்டு விலாசம் கண்டால் கேள்வி வரும் என்று பயந்து வீட்டாரே கொளுத்தியவையும் உண்டு. திரும்பி வந்தபோது கூரையே இல்லாத வீட்டில் ரின்னைத் தேடுவது எப்படி?

2002இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபோது, நெற் கபேக்களும் திறந்தன. அதற்கிடையில் ஒரு தலைமுறை, எழுதிப் பழகாமலே வளர்ந்துவிட்டது. 2014இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. பேனா நட்பு வரவில்லை.

இன்றைய பிள்ளைக்கு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மச்சான்மார் இருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் தினமும் முகம் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அவர்கள் எல்லாரும் நம்மவர்கள். பனங்கிழங்கை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முழு உலகமும் சொந்தக்காரரால் நிறைந்து, அந்நியப் பிள்ளை ஒன்றைக்கூடத் தெரியாமல் வளர்வது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது. சிறு பிள்ளையின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் சஞ்சிகையில் போடுவதற்கு இன்று பெற்றோர் சம்மதிக்க மாட்டார்கள், அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூட விலாசத்தில், ரீச்சரின் பொறுப்பில் செய்யலாமே. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்கிறவர்கள் இன்றும் வெளிநாட்டு நண்பருக்குக் கடிதம் எழுதிப் பழகுகிறார்கள். அது தபாற்கந்தோருக்குப் போவதில்லை. சிவப்பு மையில் புள்ளி வாங்கிக்கொண்டு கொப்பிக்குள்ளேயே கிடக்கிறது.

கடைசியாக ஒரு விஷயம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் மீட்கவே முடியாதவை பல. ஆனால் கடிதத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. நாம் எழுதியது நம்மிடம் இருப்பதில்லை, வாங்கியவரிடம் இருக்கிறது. எங்கள் வீடுகளில் எரிந்தவை வெளியிலிருந்து வந்தவை. எங்கள் பிள்ளைகள் எழுதியவை இன்னும் எரியவில்லை. நல்லூர்த் தேரையும், பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் ஏற்றிய பட்டத்தையும், போருக்கு முந்திய யாழ்ப்பாணத்து ஒரு சாதாரண நாளையும் பிள்ளைக் கையெழுத்தில் சொல்லும் தாள்கள் ஒசாகாவிலோ ஒஸ்லோவிலோ ஏதோ ஒரு அலுமாரியில் இருக்கக்கூடும். வைத்திருப்பவர்களுக்கு இப்போது அறுபது எழுபது வயது இருக்கும். காலம் அதிகம் இல்லை.

ஆகவே, அந்த நாளில் பேனா நண்பர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் இப்போது எந்த நாட்டில் இருந்தாலும், நினைவில் நிற்கும் பெயரையும் ஊரையும் வைத்து அவரைத் தேடுங்கள். நீங்கள் எழுதிய கடிதம் ஒன்றாவது கிடைத்தால், அதன் பிரதியை வாங்கி, ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பி வையுங்கள்.