மலைச் சைக்கிளின் சில்லளவு: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருளின் அளவு நெடுங்காலம் மாறாதிருப்பின், அது ஆராய்ந்து தெரியப்பட்ட அளவென்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. மலைப்பாதைகளில் ஓட்டப்படும் சைக்கிளின் சில்லு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் 26 அங்குலமாகவே இருந்து வந்தது. இவ்வளவை எவரும் பிற அளவுகளோடு ஒப்பிட்டுச் சோதித்துத் தெரிந்தெடுத்தாரல்லர். கைக்கு எட்டிய பருத்த ரயர் அவ்வளவில் மட்டுமே கிடைத்தது என்பதே உண்மைக் காரணமாகும்.

அந்த ரயரின் வரலாறு 1933 இல் தொடங்குகின்றது. பொருளாதார மந்தத்தால் விற்பனை வீழ்ந்திருந்த அவ்வாண்டில், சிக்காகோவின் ஷ்வின் நிறுவனம் 2.125 அங்குல அகலமுடைய ரயர் பூட்டிய சைக்கிளைச் சந்தைக்கு விட்டது. சிறுவர்களின் முரட்டு ஓட்டத்தைத் தாங்குவதே அதன் நோக்கம்; மலை எவர் நினைவிலும் இருக்கவில்லை. நான்கு தசாப்தங்களின் பின்னர், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள மரின் மாவட்டத்து இளைஞர்கள் இப்பழைய வண்டிகளைத் தேடியெடுத்து மலைச்சரிவுகளில் இறக்கி ஓட்டினர். 1976 ஒக்ரோபர் 21 இல் பெயர்பாக்ஸ் என்னும் ஊரின் அருகே அவர்களின் முதலாவது போட்டி நடைபெற்றது. இரண்டு மைலுக்குச் சற்றே கூடிய அப்பாதையின் இறக்கம் ஏறத்தாழ 1,300 அடி. அடிவாரத்தை அடையும்போது பின்சில்லின் குடத்தினுள் இருந்த பிறேக் கொதித்து, அதன் கிறீஸ் புகையாகிவிடும். மறுபடியும் கிறீஸ் அடைத்தாக வேண்டும். மீள அடைத்தல் எனப் பொருள்படும் 'றீபாக்' என்பதே அப்பாதையின் பெயராயிற்று.

இவ்விளைஞர்கள் மலைச் சைக்கிளின் தொடக்ககால மாற்றியமைப்பாளர்களுள் அடங்குவர். பழைய சட்டகத்திற் பற்சக்கர மாற்றியைப் பொருத்தினர். மோட்டார்ச் சைக்கிளின் பிறேக் பிடிகளைக் கைபிடியிற் பூட்டினர். 1977 இல் ஜோ பிறீஸ் இத்தேவைக்கெனவே புதிய உருக்குச் சட்டகமொன்றை வடிவமைத்தார். சட்டகம் புதிது, சில்லின் அளவு மட்டும் பழையது. 1979 இல் கேரி பிஷரும் சார்ளி கெலியும் ரொம் றிச்சியின் சட்டகங்களைக் கொண்டு வியாபாரத்தைத் தொடங்கினர். 1981 இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் 'ஸ்ரம்ப்ஜம்பர்' வெளிவந்து பெருந்தொகை உற்பத்திக்கு வழி திறந்தது. ரயரை வார்க்கும் அச்சுகளும் றிம்மை வளைக்கும் பொறிகளும் 26 அங்குலத்திற்கென நிலைபெற்ற பின்னர், வேறோர் அளவைக் கேட்பவன் விசித்திரப் பிறவியாகவே கருதப்பட்டான்.

வேறோர் அளவு அறவே முயலப்படவில்லை என்பதற்கில்லை. இங்கிலாந்தில் ஜெப் அப்ஸ் என்பார், பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் பனிப்பாதைக்கெனச் செய்த 650பி அளவு ரயர்களைத் தம் வண்டிகளிற் பூட்டினார். கலிபோர்னியாவுக்கும் சில அனுப்பிவைத்தார். அவற்றை ஓட்டிப் பார்த்தோர் விரும்பியபோதும், பின்லாந்திலிருந்து ரயர்கள் ஒழுங்காக வந்து சேரவில்லை. அம்முயற்சி அத்துடன் தேய்ந்தது.

இங்கு அளவுகளின் பெயர்கள் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ரயர் றிம்மில் அமரும் இடத்தின் விட்டமே மெய்யான அளவு. 26 அங்குலத்திற்கு அது 559 மில்லிமீற்றர், 27.5 எனப்படும் 650பிக்கு 584; 29க்கு 622. பெயரளவில் நடுவில் நிற்கும் 27.5, மெய்யளவிற் சிறியதன் பக்கமே சாய்ந்திருக்கின்றது. இலங்கைத் தெருக்கள் நன்கறிந்த 28 அங்குலச் சைக்கிளின் றிம்மோ 635 மில்லிமீற்றர். '29'ஐ விடப் பெரிது! எண்களை விற்பனையாளர் எவ்வளவு தாராளமாகக் கையாண்டுள்ளனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெரிய சில்லின் நன்மை கேத்திரகணிதத்தில் அடங்கியது. 10 சென்ரிமீற்றர் உயரமுள்ள கல்லொன்றிற் சில்லு முட்டும்போது, முட்டும் புள்ளியையும் சில்லின் நடுவையும் இணைக்கும் கோடு நிலைக்குத்துடன் அமைக்கும் கோணம் 26 அங்குலச் சில்லுக்கு ஏறத்தாழ 46 பாகை. 29க்கு 43 பாகை. மூன்று பாகை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கற்பாதையில் இம்மோதல் ஓயாது நிகழ்கின்றது. மறுபுறத்தில், பெரிய சில்லு பாரமானது, வேகமெடுக்கத் தாமதிப்பது, அதன் நீண்ட கம்பிகள் எளிதில் வளைந்து கொடுப்பன. குட்டையானவருக்கு அதற்கேற்ற சட்டகம் அமைப்பதும் கடினம். பழைய முன்கவையில் அதனைப் பூட்டினால் கைபிடி மந்தமாகத் திரும்பும். அதனை ஈடுசெய்ய அச்சைச் சில மில்லிமீற்றர் முன்னே தள்ளவேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் ஒரே வண்டியில் ஒப்பிட்டறியப் பெருந்தடையாக இருந்தது பிறேக்கே. றிம்மைக் கௌவும் பிறேக் சட்டகத்தில் ஒரே உயரத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். வேறு விட்டமுடைய றிம் வந்தால் அதனை எட்டாது. 1990களின் பிற்பகுதியில் தட்டுப் பிறேக் பரவியதும் இப்பிணைப்பு அறுந்தது. அதன் பின்னர் ஒரே சட்டகத்திற் சில்லை மட்டும் மாற்றி, அதே பாதையில் நேரமளந்து பார்க்க முடிந்தது. மாற்றத்தின் விலையும் தெளிவாயிற்று: ஒரே பருமனுள்ள ரயருடன் 29ஐ நீக்கி 27.5ஐப் பூட்டினால் மிதியின் அச்சு 19 மில்லிமீற்றர் தாழ்ந்து, மிதி கல்லில் இடிக்கத் தொடங்கும். சில்லளவின் வரலாற்றை எழுதுவோர் ரயரையே பேசுவர். பிறேக்குக்கும் அதில் பங்குண்டு.

1999 இல் வில்டர்னஸ் ட்றெயில் பைக்ஸ் என்னும் சிறு நிறுவனம் 'நனோறப்ரர்' என்ற பருத்த ரயரை வெளியிட, 29 அங்குலம் உண்மையில் ஓட்டத்தக்கதாயிற்று. 2007 இல் கேர்க் பசெந்தி 650பிக்கு மலைப்பாதை ரயர் செய்து அவ்வளவையும் மீட்டார். 2012 இல் சுவிற்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டர் 27.5 அங்குலத்தில் உலகக்கிண்ணப் போட்டியை வென்றார். ஆனால் அவ்வாண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 29இல் ஓடிய செக் வீரர் குல்ஹாவி அவரை முந்தினார். 2016 இல் ஷூர்ட்டர் தங்கம் வென்றது 29இலேயே. பெறுபேறு இவ்வாறு முரண்பட்டிருந்தபோதும், சந்தை தன் தீர்ப்பை முன்னரே எழுதிவிட்டது. சில ஆண்டுகளுக்குள் 26 அங்குலம் உயர்ரக வண்டிகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. விட்டத்தில் 25 மில்லிமீற்றரே கூடிய ஓர் அளவுக்காக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் பழமைப்பட்டுப்போயின என்பதைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று மட்டும் கூறி அமைதல் இயலாது.

இரு அளவுகளையும் ஒரே வண்டியில் இணைக்கும் எண்ணமும் புதிதன்று. கனொண்டேல் நிறுவனம் 1984 இலேயே முன்னே 26, பின்னே 24 அங்குலச் சில்லுடன் வண்டி செய்தது. ட்றெக் நிறுவனம் 2007 அளவில் 29ஐயும் 26ஐயும் இணைத்தது. சர்வதேசச் சைக்கிளோட்ட ஒன்றியத்தின் விதி இரு சில்லுகளும் சமமாயிருத்தல் வேண்டுமென வற்புறுத்தியதாற் போட்டிக்களம் இதற்கு மூடப்பட்டிருந்தது. 2019 இல் அவ்விதி தளர்ந்ததும், முன்னே 29, பின்னே 27.5 என்னும் அமைப்பு மலையிறக்கப் போட்டிகளில் விரைந்து பரவியது. இப்பொழுது சில சட்டகங்கள், பின்சில்லை மாற்றும்போது மிதியச்சின் உயரத்தைச் சரிசெய்யத் திருப்பிப் பூட்டும் சிறு உலோகத் துண்டொன்றுடனேயே விற்கப்படுகின்றன. 26 அங்குல வண்டியை வைத்திருப்போரோ, மரின் இளைஞரைப் போலவே, கிடைக்கும் ரயரைத் தேடிக்கொண்டிருக்கின்றனர்.