மலையுச்சியில் உறங்குவோரின் மூச்சு

1857-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அயர்லாந்தில் பிறந்த பௌதிக விஞ்ஞானி ஜான் டிண்டல், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங் சிகரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். உச்சிக்குச் சற்றுக் கீழே களைப்பு மேலிடவே, பனியும் பாறையும் கலந்த ஓரிடத்தில் உடலைச் சாய்த்தவர் அக்கணமே உறங்கிப்போனார். உடன் சென்ற நண்பர், கணித அறிஞர் தாமஸ் ஹர்ஸ்ட், விரைவிலேயே அவரைப் பதறி எழுப்பினார். சில நிமிஷங்களாகக் காது கொடுத்துக் கேட்டும் டிண்டலின் மூச்சு ஒரு தடவைகூட அவருக்குக் கேட்கவில்லையாம்! டிண்டல் இதனைப் பெரிதாக எண்ணவில்லை. தாம் ஆழ்ந்து சுவாசித்ததாகவும், ஓசை எழாமையால் நண்பர் ஏமாந்தார் என்றும் பின்னர் எழுதிவைத்தார். ஆனால் உறங்குகிறவனுடைய மூச்சுக்கு அவனே சாட்சியாக முடியுமா? அருகில் விழித்திருந்தவரின் அச்சத்தில் உண்மை இருந்திருக்கலாம் என்றே இன்று தோன்றுகிறது.

வடநாட்டில் வாழும் நம்மவருள் லே நகரத்துக்குச் சென்றுவந்தோர் பலர் உண்டு. தில்லியில் காலையில் விமானம் ஏறினால், பகல் உணவுக்கு முன்பே 3,500 மீட்டர் உயரத்தில் இறங்கிவிடலாம். அங்கே முதல் இரவில், மூச்சு முட்டியதுபோல் திடுக்கிட்டு எழுந்த அனுபவம் சிலருக்கேனும் இருக்கும். மலையேறுவோர் அதனை நன்கு அறிவர். கூடாரத்தில் உறங்குபவனின் மூச்சு படிப்படியாக ஆழமாகும். பிறகு படிப்படியாகத் தணியும். தணிந்து முற்றிலும் நின்றுவிடும். ஏழெட்டு விநாடிகள், சிலவேளை அதனினும் மிகுதியாக, ஓசையே இராது. பின்பு ஒரு பெருமூச்சுடன் அதே சுற்று மீண்டும் தொடங்கும். இரவு முழுவதும் இப்படியே கழிவதுண்டு.

இந்த ஏற்ற இறக்க மூச்சை மருத்துவ உலகம் முதலில் கண்டது மலையில் அன்று. டப்ளின் நகரத்து நோயாளிகளின் படுக்கையருகில். அந்நகரத்து மருத்துவர்களான ஜான் செய்ன் 1818-லும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-லும் இதனை விவரித்தனர். இருதயமோ மூளையோ பழுதுற்றுப் படுத்தவரிடம் இது தோன்றினால் முடிவு நெருங்கிவிட்டதென்று மருத்துவர் கொள்வது வழக்கமாயிற்று. அப்படியானால், திடகாத்திரமான இளைஞன் மலையில் உறங்கும்போது அதே அறிகுறி தென்படுவதேன்? அவன் உயிருக்கு ஆபத்தா? அருகில் படுத்திருப்பவனுக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று.

இக்கேள்விக்கு விடை தேடி மலைமேலேயே குடியேறியவர் இத்தாலிய உடலியல் அறிஞர் ஆஞ்செலோ மோசோ. மோண்டே ரோசா மலையில் 4,559 மீட்டர் உயரத்தில், அரசி மார்கரீத்தாவின் பெயரால் 1893-இல் ஒரு குடில் திறக்கப்பட்டது. மறு ஆண்டு மோசோ படைவீரர் சிலருடன் அங்கே ஏறித் தங்கினார். உறங்குவோரின் மார்பில் கருவியைக் கட்டி, மூச்சின் ஏற்ற இறக்கத்தைக் கோடுகளாகப் பதிவுசெய்தார். ஹர்ஸ்டின் காதுக்கு எட்டாத மூச்சு இப்பொழுது கண்ணுக்குத் தெரிந்தது. மூச்சு நின்ற இடங்களில் கோடு நேராகவே ஓடியது.

மோசோ கண்டது சரி. சொன்ன காரணம்தான் பாதி சரி. பிராணவாயுக் குறைவே மலைநோய்க்கு வேர் என்று பிரெஞ்சு அறிஞர் பால் பேர் 1878-இலேயே சோதனைகளால் நிறுவியிருந்தார். மோசோ அதனை ஏற்காமல், இரத்தத்தில் கரியமிலவாயு குறைவதே காரணம் என்றார். மலைநோயைப் பொறுத்தவரை பால் பேரே வென்றார் எனலாம். ஆயினும் மூச்சு நிற்கும் அந்தச் சில விநாடிகளுக்கு மோசோவின் கரியமிலவாயுவும் பொறுப்பாளியே. தோற்றவர் பக்கத்திலும் இவ்வாறு நியாயம் எஞ்சியிருப்பது விஞ்ஞான வரலாற்றில் அரிதன்று.

கரியமிலவாயுவே சாதாரணமாக நம் மூச்சை ஆளுகிறது என்பதை ஜே. எஸ். ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-இல் காட்டினர். நான்கு ஆண்டுகள் கழித்து ஹால்டேனும் டக்ளஸும் ஆக்ஸ்ஃபோர்டில் எளிய சோதனை ஒன்றைச் செய்தனர். இரண்டு நிமிஷம் வேகமாக மூச்சு வாங்கிவிட்டுச் சும்மா இருந்தால், மூச்சு தானே நிற்கிறது. பின்பு ஏற்ற இறக்கத்துடன் மீள்கிறது. கழுத்துத் தமனிக்கு அருகில் அரிசியளவே உள்ள ஓர் உறுப்பு பிராணவாயுக் குறைவை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கிறது என்ற உண்மை, பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த ஆராய்ச்சியில் துலங்கியது.

மூச்சுக்கு இவ்விதம் இரண்டு எசமானர்கள். மலைமேல் பிராணவாயு குறையவே, கழுத்து உறுப்பு மூச்சை விரட்டுகிறது. மிகுதியாக மூச்சு விடுவதால் கரியமிலவாயு வெளியேறிவிடுகிறது. விழித்திருக்கும்வரை விழிப்பே மூச்சைத் தாங்கிப் பிடிக்கும். உறங்கியதும் அத்தாங்கல் நீங்குகிறது. கரியமிலவாயு போதாமையால் மூச்சு நிற்கிறது. நின்றதும் பிராணவாயு இன்னும் இறங்குகிறது, கரியமிலவாயு மெல்ல ஏறுகிறது, கழுத்து உறுப்பு அலறுகிறது, மீண்டும் பெருமூச்சு. ஒருவர் நிறுத்த, ஒருவர் விரட்ட, இடையில் உறக்கம் கெடுகிறது.

இனி நம் இமயத்துக்கு வருவோம். 1960–61 குளிர்காலத்தில் எட்மண்ட் ஹிலாரி தலைமையிலான குழு, நேபாளத்தில் அமா தப்லம் சிகரத்தின் அருகே 5,800 மீட்டர் உயரத்தில் ‘வெள்ளிக் குடில்’ அமைத்து ஆராய்ச்சி நடத்தியது. அதில் வங்காளத்து விஞ்ஞானி சுகமய் லாஹிரியும், பிற்பாடு வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஜேம்ஸ் மில்லெட்ஜும் இருந்தனர். இவ்விருவரும் பின்னர் ஷெர்ப்பாக்களின் மூச்சை ஆராய்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழும் ஷெர்ப்பாவின் உடல், பிராணவாயு குறைந்தபோதும் நம்மைப்போல் பதற்றங்கொண்டு மூச்சை விரட்டுவதில்லை என்று கண்டார்கள்.

அதன் பயன் 1981-இல் எவரெஸ்ட்டுக்குச் சென்ற அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் குழுவில் தெளிவாயிற்று. லாஹிரி அதிலும் இருந்தார். 6,300 மீட்டர் உயரத்து முகாமில், சமவெளியிலிருந்து வந்தவர்களின் மூச்சு இரவில் சுமார் 20 விநாடிக்கு ஒரு சுற்றாக நின்று நின்று ஓடியது. ஷெர்ப்பாக்களின் மூச்சோ பெரும்பாலும் ஒரே சீராக இருந்தது. இதில் ஒரு வினோதம் பாருங்கள். பிராணவாயுக் குறைவுக்கு விரைந்து பதிலளிக்கும் உடலே சமவெளி மனிதனை மிகு உயரத்துக்கு ஏற்றிச் செல்ல உதவுகிறது. அதே விரைவுதான் இரவில் அவன் மூச்சை நிறுத்துகிறது. பகலில் பெற்ற உதவிக்கு இரவில் அவன் கடன் தீர்க்கிறான்.

பிராணவாயு கொடுத்தால் இத்தடுமாற்றம் தணியும். இரத்தத்தைச் சற்று அமிலமாக்கி மூச்சைத் தூண்டும் அசெட்டஸோலமைடு என்னும் மருந்து உயரத்து உறக்கத்தில் பிராணவாயுக் குறைவைத் தணிக்கிறது என்று 1979-இல் நிறுவப்பட்டது. அதை மருத்துவர் சொற்படியே உட்கொள்ள வேண்டும். தூக்கம் வரவில்லையே என்று, மூச்சை அடக்கும் தூக்க மாத்திரையையோ மதுவையோ நாடுவது தவறு. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது மட்டும் அங்கே பேராபத்தின் அடையாளம் அன்று. ஆனால் சும்மா அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நுரையுடன் இருமல் வந்தாலோ, பேச்சு குழறி நடை தள்ளாடினாலோ அது வேறு நோய். அவரை விடியும்வரை உறங்கவிடாமல் அவ்விரவே கீழே இறக்கிவிட வேண்டும்.