திருவயிறு வாய்த்த பெருமாட்டி

இல்லறமாகிய நல்லறத்திற்கு அணிகலமாவது நன்மக்கட்பேறு என்பது ஆன்றோர் துணிபு. மக்களைப் பத்துத் திங்கள் சுமந்து பெறுதல் தாய்மார் பலர்க்கும் பொதுவாய செயல். பெற்றபின், இடுக்கண் வந்துற்ற காலத்தும் நெறிபிறழாத உரனுடையராக அவர்களை வளர்த்தெடுத்தல் தவமுடையார்க்கே கைகூடுவதாம். அதனைக் கணவன் துணையின்றித் தனித்து மேற்கொண்ட தாயரின் அருமை சொல்லில் அடங்குவதன்று. அத்தகைய தாயருள் ஒருவர், சோழர் குலத்துக் கண்டராதித்த தேவரின் தேவியாராகிய செம்பியன்மாதேவியார். அவ்வம்மையார் எடுப்பித்த கற்றளிகளைப் போற்றாத சைவர் இலர். எனினும் அவர் வளர்த்த மைந்தன்மீது கொடும்பழியொன்று சரித்திர ஆசிரியர் சிலரால் ஏற்றப்பட்டு நிலவுகின்றது. அது மெய்யாயின், ஆலயங்களை வழுவறச் சமைத்த அன்னையார் தம் மகனைச் சமைப்பதில் வழுவினர் என்றன்றோ முடியும்? ஆதலின் அம்மையாரின் வாழ்க்கையைச் சாசனங்களின் துணைகொண்டு ஈண்டு ஆராய்தல் இன்றியமையாததாகின்றது.

செம்பியன்மாதேவியார் மழவர் குடியிற் றோன்றியவர். சாசனங்கள் அவரை மழவரையர் மகளார் என்று கூறும். முதற் பராந்தக சோழரின் 34-ஆம் ஆட்சியாண்டாகிய கி. பி. 941-இலேயே உய்யக்கொண்டான் திருமலை என வழங்கும் திருக்கற்குடியில் அவர் திருவிளக்கிற்கு நிவந்தம் அளித்த செய்தி கல்லிற் காணப்படுகின்றது. அப்பொழுது அவர் அரசரின் இரண்டாம் மைந்தராகிய கண்டராதித்தரின் தேவியாராய் இருந்தனர். முடிக்குரிய மூத்தவர் இராசாதித்தர் உளராதலின், கண்டராதித்தர் அரசியற் சுமையினும் சிவத்தொண்டிலேயே உள்ளம் தோய்ந்திருந்தவர் எனலாம். தில்லைக் கூத்தப்பெருமான்மீது அவர் அருளிய திருவிசைப்பா ஒன்பதாந் திருமுறையில் இன்றும் ஓதப்பெறுகின்றது.

கி. பி. 949-இல் தக்கோலத்து நிகழ்ந்த பெரும்போரில் இராசாதித்தர் யானைமேலிருந்தவாறே உயிர் துறந்தார். தொண்டைநாடு இராட்டிரகூடர் கைப்பட்டது, சோழப்பேரரசு தளர்ந்தது. அத்தளர்ச்சியிடையே முடிசூடிய கண்டராதித்தர் நெடுங்காலம் ஆண்டாரல்லர். 957-ஐ ஒட்டி அவர்தம் காலம் முடிந்தது. பிற்காலச் சாசனங்கள் அவரை 'மேற்கெழுந்தருளின தேவர்' எனக் குறிக்கும். மைந்தன் மதுராந்தகன் அப்பொழுது நாடாளும் பருவம் எய்தாச் சிறுவன். ஆகவே அரசுரிமை கண்டராதித்தரின் இளவலாகிய அரிஞ்சயரையும், அவர்பின் அவர் மகனாராகிய சுந்தர சோழரையும் சார்ந்தது.

அந்நிலையில் அம்மையார்முன் இரு நெறிகள் இருந்தன. கணவரொடு உடன் மாய்தல் ஒன்று. கைம்மை நோற்று மகனைக் காத்தல் மற்றொன்று. முன்னைய நெறியை அக்குடியிலேயே பின்னர் ஒருவர் மேற்கொண்டனர். சுந்தர சோழர் காஞ்சிப் பொன்மாளிகையில் துஞ்சியபொழுது, அவர் தேவியாராகிய வானவன்மாதேவியார் பால்மணம் மாறாத மகவையும் பிரிந்து எரியிற் புகுந்தனர் எனத் திருக்கோவலூர்ச் சாசனம் உருக்கமுறக் கூறுகின்றது. அவ்வன்பின் திறத்தை யாவரே குறை கூறுவர்? ஆயினும் ஒருநாள் எரியிற் புகுதலினும், நாள்தோறும் துயரத்தீயினுள் நின்று ஒரு மகவை ஆளாக்குதல் எளிதன்று. செம்பியன்மாதேவியார் அவ்வரிய நெறியைத் தெரிந்துகொண்டனர். அதன்பின் நாற்பத்துநான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் அவர் வாழ்ந்திருந்தமை சாசனங்களால் தெளியப்படும்.

மதுராந்தகன் தந்தையின் அரியணையில் பிறர் அமர்ந்திருக்கக் கண்டு வளர்ந்தவன். அரிஞ்சயர் ஆட்சியும் சுந்தர சோழர் ஆட்சியுமாக ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. இவ்வாறு உரிமை தள்ளிப்போன அரசிளங்குமரரைச் சூழ்ந்துகொண்டு, அவர் நெஞ்சில் நஞ்சு பெய்வார் எந்நாட்டரண்மனையிலும் உளர். உரிமை வேட்டெழுந்த தாயரே மைந்தரைப் படைக்கு ஏவிய வரலாறுகளும் உலகிற் பல. சோணாட்டிலோ அப்பதின்மூன்று ஆண்டுகளில் கண்டராதித்தர் மகன் பொருட்டு ஒரு படை எழுந்ததாக எச்சாசனமும் கூறவில்லை. இவ்வமைதிக்குக் காரணமாயினார் யாவர் என ஆராய்வார்க்கு, அம்மகனை உடனிருந்து வளர்த்த அன்னையாரே முதற்கண் புலப்படுவர்.

தந்தையை நன்கு அறியாத மகனுக்கு அத்தந்தையை அம்மையார் எவ்வாறு அறிவித்தனர் என்பதற்குத் திருநல்லம் சான்று பகரும். கோனேரிராசபுரம் என இக்காலத்து வழங்கும் அத்தலத்தில், தம் கணவர் திருப்பெயரால் ஒரு கற்றளியை அம்மையார் எடுப்பித்தனர். அக்கோயிற் சுவரில் கண்டராதித்தர் சிவலிங்கத் திருமேனியை வழிபடும் வடிவம் செதுக்கப்பட்டுள்ளது; அது திருநல்லமுடையாரைத் தொழும் கண்டராதித்த தேவரின் வடிவம் என்பதனை அதன்கீழ் உள்ள எழுத்தே விளக்குகின்றது. வாளேந்திய கோலத்திலோ அரியணைமேல் வீற்றிருந்த கோலத்திலோ அம்மையார் அவரைக் காட்டினாரல்லர். அக்கற்றளி எழுந்தது மகனது ஆட்சிக்காலத்திலாம். முடிசூடிய மகன் ஆங்குச் செல்லுந்தோறும் காண்பது இறைவன் திருமுன் பணிந்திருக்கும் தந்தையையே. அரசனுக்கும் மேலோர் அரசன் உளன் என்பதை மகனுக்கு உணர்த்த இதனினும் சிறந்த பாடம் யாதுளது?

கணவர் தமிழாற் பாடிய கூத்தப்பெருமானை மனைவியார் கல்லிற் கண்டனர். அம்மையார் திருப்பணி செய்த கற்றளிகளில் அர்த்தமண்டபத்துத் தென்புறத் தேவகோட்டத்தில் ஆனந்த நடராசர் திருவுருவம் அமைந்திருத்தலை அறிஞர் அவர் காலத்துச் சிறப்பாகக் குறிப்பர். தந்தையின் பாட்டும் தாயின் பணியும் ஒரே திருவடியைச் சார்ந்து நிற்பதைக் கண்ட மகன், பிரிந்த தந்தை இல்லத்தினின்றும் முற்றும் பிரிந்திலர் என்று உணர்ந்திருத்தல் வேண்டும்.

திருக்கோடிகாவிற் செய்த பணி வேறொரு பாடத்தை உட்கொண்டது. பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளியாகப் புதுக்கிய காலத்து, அங்கு முன்னிருந்த கல்வெட்டுக்களை எல்லாம் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்குமாறு அம்மையார் பணித்தனர். முன்னையோர் அளித்த நிலமும் பொன்னும் விளக்கும் புதுப்பணியின் பெயரால் மறைந்துபோதல் கூடாது என்பது அவர் கருத்து. பிறர் செய்த அறத்தை அழித்துத் தம் புகழை நிறுத்தும் வேட்கை ஆளும் குடியினர்க்கு எளிதில் உண்டாவது. அதனைத் தவிர்க்கும் நெறியைத் தம் செய்கையினாலேயே அவர் காட்டினர். மக்களுக்கு வாயாற் சொல்லும் அறிவுரையினும் கண்ணெதிரே நிகழும் ஒழுக்கமே நிலைபெறும் என்பதை இல்லறத்தார் யாவரும் அறிவர்.

970-ஐ ஒட்டி மதுராந்தகன் உத்தம சோழன் என்னும் பெயருடன் அரசெய்தி 985 வரை ஆண்டனன். அவன் ஆட்சியின் இயல்பைச் சென்னை அருங்காட்சியகத்துச் செப்பேடு காட்டும். காஞ்சியில் ஊரகத்துத் திருமால் கோயிலின் நிவந்தங்கள் செவ்வனே நடைபெறுதற்கு அவன் செய்த ஏற்பாடுகளை அது விரித்துரைக்கின்றது. சிவபத்தியிற் சிறந்த அன்னையின் மடியில் வளர்ந்தும், பிற சமயத்தார் கோயிலைப் புறக்கணியாது முறை செய்தனன். தன் சமயத்தில் உறுதியும் பிறர்பால் நடுவுநிலையும் ஒருங்கே வாய்த்தல் நல்வளர்ப்பின் அடையாளமாம்.

இனி, அவன்மேல் ஏற்றப்படும் பழியை ஆராய்வாம். உத்தம சோழன் அரசெய்துதற்குச் சிறிது முன்னர்ச் சுந்தர சோழரின் மூத்த மகனாகிய ஆதித்த கரிகாலன் வஞ்சனையாற் கொல்லப்பட்டான். உடையார்குடிக் கல்வெட்டு, முதல் இராசராச சோழரின் இரண்டாம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பட்டது. கொலைஞராகிய சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரும் அவர்தம் உறவினரும் உடைமைகளை இழந்த செய்தியை அது தெரிவிக்கின்றது. உத்தம சோழன் ஆட்சி முழுதும் கொலைஞர் ஒறுக்கப்படாதிருந்தமையால் அவனுக்கும் அதில் உள்ளுறவு இருத்தல் கூடும் எனக் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் கருதினர். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தனர். கதைநூல் எழுதினோர் இதனை ஒட்டிப் பலவாறு புனைந்தனர். அவை கதையின்பத்திற்கே உரியன.

உத்தம சோழனுக்கு அரசின்கண் விருப்பம் இருந்தது என்பதை மறைத்தற்கில்லை. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அதனை வெளிப்படையாகவே உரைக்கின்றன. குடிகள் வேண்டியும், தன் சிற்றப்பன் அரசை விரும்பும்வரை அதனை மனத்தாலும் விழையேன் என்று அருண்மொழித்தேவன் ஒதுங்கினன் என்றும், உத்தமன் அருண்மொழியை இளவரசனாக்கினன் என்றும் அவை கூறும். அச்செப்பேடுகள் கொலையுண்டான் தம்பியின் மகனாகிய இராசேந்திரன் காலத்தில் எழுதப்பட்டவை. பழி மெய்யாயின் அதனைச் சொல்லுதற்கு மிகவும் உரியார் அவரேயாவர். விருப்பத்தைச் சொன்ன அவர் கொலையைச் சொல்லவில்லை. உடையார்குடிச் சாசனமும் உத்தம சோழன் பெயரைக் குற்றத்தோடு சேர்த்துக் கூறவில்லை. உரிமையை விரும்புதல் ஒன்று. அதன்பொருட்டுக் குருதி சிந்துதல் வேறொன்று. உத்தமனுக்கு மக்கள் உளராகவும் அண்ணன் மகனை இளவரசனாக்கினமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இராசராசர் அரசெய்தியபின் நிகழ்ந்தனவே இவ்வையத்தை முற்றும் நீக்குவன. உத்தம சோழனுடைய மகன் மதுராந்தகன் கண்டராதித்தன். பாட்டனார் பெயர் தாங்கிய இவன் இராசராசரின் அதிகாரியாய் அமர்ந்து, கோயில்களின் நிவந்தங்களை ஆராய்ந்து முறைசெய்து வந்தனன். தமையனைக் கொல்வித்தான் மகன் என்னும் ஐயம் அணுவளவேனும் இருப்பின், இராசராசர் அவனிடம் சிவாலயங்களின் கண்காணிப்பை ஒப்புவிப்பரோ? தந்தை ஆண்ட நாட்டில் முடியிழந்த மகன் சினங்கொள்ளாது தொண்டு செய்தமையும் வியப்பிற்குரியதே. ஒரு தலைமுறை முன்பு அவன் தந்தை காத்திருந்த நிலை அது. அன்று மகனுக்கு ஊட்டிய பொறுமை பேரனிடத்தும் பயன்பட்டது.

செம்பியன்மாதேவியாரும் இராசராசர் ஆட்சியில் மதிப்புக் குன்றாது வாழ்ந்தனர். அவ்வரசரின் 16-ஆம் ஆட்சியாண்டாகிய 1001-இல் திருவக்கரையில் அவர் செய்த திருப்பணி சாசனத்தால் அறியப்படுகின்றது. தாயை இழந்த இராசராசர்க்கும் அவர் தமக்கையார் குந்தவையார்க்கும், பெரிய பாட்டியாராகிய இவ்வம்மையார் நிழலாய் இருந்தனர் எனக் கருதுதற்கு அவர்தம் செயல்களே இடந்தருகின்றன. கணவர் வடிவைத் திருநல்லத்தில் அம்மையார் நிறுத்தியவாறே, தம் தந்தை தாயர் திருமேனிகளைத் தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவையார் எழுந்தருள்வித்தனர். இராசராசர் மகன் இராசேந்திரனோ, 1019-ஐ ஒட்டி அம்மையாரின் திருவுருவத்தையே செம்பியன்மாதேவி என்னும் ஊர்க் கோயிலில் நிறுவினன்.

அவ்வூர்க் கோயிலில் மற்றொரு செய்தியும் உண்டு. உத்தம சோழன் தேவியர் பலர், தம் மாமியார் பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் சிறப்பு நடைபெறுதற்கு நிவந்தங்கள் அளித்தனர். மருகியர் மாமியார் பிறந்தநாளைத் தம் பொருள் கொடுத்துக் கொண்டாடும் இல்லத்தில் அன்பின் ஆட்சியே நடந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

சாசனங்கள் அம்மையாரைப் பலகாலும் ஒரு தொடராற் சுட்டும். உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார் என்பது அது. ஆறு அரசர் காலம் கண்டு, அறுபது ஆண்டுகள் அறம் வளர்த்த பெருமாட்டியார் தம்மை ஒரு மகனின் தாய் என்று சொல்லிக்கொள்வதிற் பெருமை கொண்டனர். அம்மகனும் அப்பெயரைக் கெடுத்திலன் என்பது மேற்காட்டியவாற்றான் இனிது விளங்கும்.

இக்காலத்தும் கணவரை இழந்து, உற்றார் உரிமையைக் கொள்ள, சிறுமகவைக் கையிற் பற்றி நிற்கும் தாயர் உளர். கற்றளி எடுக்கும் செல்வம் அவர்க்கு இல்லாதிருக்கலாம். மகவின் நெஞ்சிற் பகையை விதையாமல், பிரிந்தவனை நன்னெறியில் நின்றவனாகவே நினைப்பூட்டி, இறைவன் திருமுன் அதனை நாளும் கைகூப்பச் செய்தல் எவர்க்கும் இயலும். செம்பியன்மாதேவியார் முதலிற் செய்த திருப்பணி அதுவே. அதன்பின் எழுந்தனவே கற்றளிகள் எல்லாம்.