பிரின்ஸ் ஆல்பர்ட் நாடாளுமன்றத் தொகுதி: தேர்தல் வரலாறு

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், வட சஸ்காச்சுவான் ஆற்றங்கரையில் உள்ள பிரின்ஸ் ஆல்பர்ட் நகரையும் அதைச் சுற்றிய பயிர்நிலங்களையும் கொண்ட கூட்டாட்சி நாடாளுமன்றத் தொகுதி. நகருக்குத் தெற்கே கோதுமை வயல்கள். வடக்கே போகப்போக ஊசியிலைக் காடு. 1908 பொதுத்தேர்தலில் முதன்முறையாக வாக்களித்த இத்தொகுதி மெக்கன்சி கிங், ஜான் டீஃபன்பேக்கர் என்ற இரு பிரதமர்களை ஒட்டாவாவுக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவரைப் பதவியில் இருக்கும்போதே தோற்கடிக்கவும் செய்தது.

1925 தேர்தலில் பிரதமர் கிங் ஒன்டாரியோவில் தம் யார்க் வடக்குத் தொகுதியை இழந்தார். அவருக்காகப் பிரின்ஸ் ஆல்பர்ட்டின் லிபரல் உறுப்பினர் சார்ல்ஸ் மெக்டொனால்ட் பதவி விலகினார். 1926 பிப்ரவரி இடைத்தேர்தலில் கிங் எளிதாக வென்றார். மெக்டொனால்டுக்கு 1935இல் செனட் இடம் கிடைத்தது, மறு ஆண்டே இறந்துவிட்டார். இரண்டு அவைகளிலும் உறுப்பினராக இருந்தும் ஒன்றிலும் வாய் திறந்து பேசாதவர் என்பதே அவருடைய புகழ்.

பிரதமரே தங்கள் உறுப்பினர் என்றால் தங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதே தொகுதியின் கணக்கு. நகரத்தார் எதிர்பார்த்த தேசியப் பூங்கா 1927இல் அமைந்தது. விவசாயிகளின் கண் ஹட்சன் விரிகுடா ரயில்பாதை மேல் இருந்தது. கோதுமையைக் கிழக்குத் துறைமுகங்கள் வரை இழுத்துச் செல்லாமல் வடக்கே சர்ச்சிலில் கப்பலேற்றினால் கூலி மிச்சம். கிங் அரசு அதை முடித்துத் தருவதாகச் சொன்னது. கன்சர்வேட்டிவ் தலைமைக்கு அதில் ஆர்வமில்லை. உள்ளூர் கன்சர்வேட்டிவ் வேட்பாளரோ தம் கட்சியை மீறிப் பாதையை ஆதரித்தார். அவர்தான் டீஃபன்பேக்கர், முப்பது வயது வழக்கறிஞர். 1925இல் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு டெபாசிட் இழந்தார். 1926 செப்டம்பரில் கிங்கையே நேருக்கு நேர் எதிர்த்து, ஏறத்தாழ 4,000 வாக்குகளில் தோற்றார். முதல் உலகப் போரின் கசப்பு ஆறாத காலம் அது. ஜெர்மன் குடும்பப்பெயரும் அவருக்குச் சுமையாக இருந்தது. 1929 மாகாணத் தேர்தல், 1933 மேயர் தேர்தல் என்று அதே ஊரில் தோல்விகள் தொடர்ந்தன. கடைசியில் 1940இல் வேறு தொகுதியான லேக் சென்டரிலிருந்துதான் நாடாளுமன்றம் போக முடிந்தது. அவர் ஆதரித்த ரயில்பாதையோ 1929இலேயே சர்ச்சிலை எட்டியிருந்தது.

கிங் 1930, 1935, 1940 தேர்தல்களிலும் தொகுதியைத் தக்கவைத்தார். ஆனால் முப்பதுகளின் வறட்சியும் கோதுமை விலைச் சரிவும் கடனும் சஸ்காச்சுவான் விவசாயியை இடதுபக்கம் திருப்பியிருந்தன. 1944இல் டாமி டக்ளஸ் தலைமையில் சி.சி.எஃப். கட்சி மாகாண ஆட்சியைப் பிடித்தது. மறு ஆண்டு ஜூனில் நாடு முழுவதும் லிபரல் கட்சி வென்றது. பிரின்ஸ் ஆல்பர்ட்டிலும் தேர்தல் இரவில் கிங்தான் முன்னணியில் இருந்தார். படைவீரர்களின் வாக்குகள் எண்ணப்பட்டபோது நிலை மாறி, சி.சி.எஃப். வேட்பாளர் எட்வர்ட் பவர்மன் 129 வாக்குகளில் வென்றார். போரை நடத்திய பிரதமரைப் போர்வீரர்களின் வாக்கே வீழ்த்தியது. கிங் ஒன்டாரியோவின் கிளென்கேரி இடைத்தேர்தல் வழியாக அவைக்குத் திரும்பினார்.

எல்லை மறுவரையறையில் லேக் சென்டர் கலைந்ததால் 1953இல் டீஃபன்பேக்கர் பழைய களத்துக்கே வந்து வென்றார். மாகாணத்தின் 17 இடங்களில் அவர் கட்சிக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். ஐந்தே ஆண்டுகளில், 1958இல், 17இல் 16 அக்கட்சி வசம் வந்தன. டீஃபன்பேக்கரின் பேச்சுத்திறன் மட்டும் இதற்குக் காரணமல்ல. அப்போது விளைச்சல் பெருகி, உலகச் சந்தை மந்தமாகி, தானியக் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. விவசாயிகளின் கோதுமையை ஏகபோகமாகக் கொள்முதல் செய்த கோதுமை வாரியம் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெர்மிட் புத்தகம் கொடுத்திருந்தது. அளக்கும் ஒவ்வொரு லோடும் அதில் பதிவாகும். கோட்டா முடிந்தால் மீதியைக் கிடங்கில் வாங்கமாட்டார்கள். அளந்தால்தான் பணம் என்பதால், வீட்டுக் கொட்டகை நிறையக் கோதுமை இருந்தும் கையில் காசில்லை. 1957இல் ஆட்சிக்கு வந்த டீஃபன்பேக்கர் அரசு, பண்ணையில் கிடக்கும் தானியத்தின் பேரிலேயே வட்டியில்லா முன்பணம் கொடுக்கச் சட்டம் இயற்றியது. 1961இல் சீனாவுடன் பெரும் கோதுமை ஒப்பந்தமும் கையெழுத்தானது. கம்யூனிச நாட்டுக்கு விற்பதா என்று வெளியில் எழுந்த முணுமுணுப்பு, கோதுமை தேங்கிக் கிடந்த ஊர்களில் எடுபடவில்லை.

1963இல் பிரதமர் பதவியும் 1967இல் கட்சித் தலைமையும் அவரை விட்டுப் போயின, தொகுதி போகவில்லை. 1979 மே தேர்தலிலும் வென்று, ஆகஸ்ட் 16 அன்று உறுப்பினராகவே இறந்தார். நவம்பர் இடைத்தேர்தலில் சி.சி.எஃப்.பின் வாரிசான என்.டி.பி. சார்பில் ஸ்டான் ஹொவ்டெபோ வென்றார்.

அதன்பின் எல்லைகளும் பெயரும் மாறின. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து வலதுசாரிக் கட்சிகளின் கோட்டை; 2008 முதல் கன்சர்வேட்டிவ் கட்சியின் ராண்டி ஹோபக் உறுப்பினர். கோதுமை வாரியம் 2011இல் நடத்திய வாக்கெடுப்பில், வாக்களித்த கோதுமை விவசாயிகளில் 62 விழுக்காட்டினர் வாரியத்தின் ஏகபோகக் கொள்முதல் நீடிக்க வேண்டும் என்றனர். கன்சர்வேட்டிவ் அரசு 2012இல் அதை ரத்துசெய்தது. 2015இல் அக்கட்சி நாட்டின் ஆட்சியை இழந்தபோதும் பிரின்ஸ் ஆல்பர்ட் ஹோபக்கையே மீண்டும் தேர்ந்தெடுத்தது.