பரண்ல தூங்குற லேப்டாப்பை எழுப்பலாமா?

ஏரல் வீட்டுப் பரணில் அக்கா பள்ளியில் வாங்கிய விலையில்லா லேப்டாப் இருக்கா? பழைய இரும்புக்குப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க.

2011-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் லேப்டாப்களில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் வந்தது. விண்டோஸ் 7-க்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2020-லேயே நிறுத்திவிட்டது. லினக்ஸ் இன்னும் கைவிடவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். 2025-ல் வெளியான டெபியன் 13-ஐ 32-பிட் கம்ப்யூட்டரில் புதிதாக இன்ஸ்டால் செய்ய முடியாது. விண்டோஸ் 32-பிட் என்று காட்டினாலும் பிராசஸர் 64-பிட்டாக இருக்கலாம். அதன் மாடல் பெயரை மொபைலில் தேடிப் பாருங்க. 64-பிட் என்றால் டெபியன் 13; நிஜமாகவே 32-பிட் என்றால் ஆன்டிஎக்ஸ் 23.

முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை, சவுண்டு வேலை செய்யுதானு பாருங்க. இன்ஸ்டால் செய்யும் முன் அக்காவோட காலேஜ் போட்டோக்களை காப்பி எடுத்திடுங்க. டிஸ்க்கை அழிச்சா திரும்ப வராது!