தனியாள் சீட்டாட்டமும் போட்டியும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் புகையிரதம் றம்புக்கணையைக் கடந்ததும் கடுகண்ணாவை வரையுள்ள ஏற்றத்தில் மெதுவாகவே ஊர்கிறது. மடியிலே செய்தித்தாளை விரித்து நால்வர் ‘முந்நூற்று நான்கு’ ஆடும் காட்சி நம் நாட்டுப் புகையிரதங்களில் புதியதன்று. இன்று அதே இருக்கைகளில் ஒருவர் தனித்திருந்து கைப்பேசித் திரையிற் சீட்டுகளை நகர்த்துவதையும் காண்கிறோம். முன்னையது போட்டி, பின்னையது வெறும் பொழுதுபோக்கு என்றே எவரும் கூறுவர். எதிராளி இல்லாதவிடத்துப் போட்டி ஏது? வினா நியாயமானதே. ஆயினும், தனியாள் சீட்டாட்டத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, திறமையை உண்மையாக அளக்கவல்ல சீட்டுப் போட்டிகளுள் ஒன்று இத்தனித்த ஆட்டத்திலிருந்தே பிறந்தமை புலனாகும்.

சீட்டு நமக்குக் கடல்வழி வந்த பண்டம். தமிழில் வழங்கும் ஆட்டின், கிளாவர் என்னும் பெயர்களும், சிங்களத்தில் வழங்கும் ஹாரத, இஸ்கோப்ப, கலாபர, ருயித என்னும் நான்கும் ஒல்லாந்த மொழிச் சொற்களின் திரிபுகளே. ஒல்லாந்தர் 1658 முதல் 1796 வரை கரையோரத்தை ஆண்டனரேயன்றிக் கண்டியை ஆண்டாரல்லர். கடுகண்ணாவைக் கணவாயினூடாக 1820களில் வீதியும், 1867இற் புகையிரதமும் கண்டியை எட்டின. கரையோரச் சீட்டுச் சொற்கள் மலைநாட்டில் வேரூன்றுவதற்கு இவ்விரு வழிகளும் துணைநின்றிருக்கும் எனக் கொள்வது பொருந்தும். முந்நூற்று நான்கு என்ற பெயரும் கணக்கின் வழிப்பட்டதே. ஓரினத்துச் சீட்டுகளின் பெறுமதி 30, 20, 11, 10, 3, 2 எனக் கூடி 76 ஆகும், நான்கினங்களுக்கும் 304.

தனியாள் ஆட்டத்தை ஐரோப்பியர் ‘பொறுமை’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். அதன் முதற் குறிப்புகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் ஜெர்மன் மொழி நூல்களிற் காணப்படுகின்றன. அப்பழைய விவரணங்களில் அது இருவர் மாறிமாறி ஆடும் பந்தயமாகவே தோன்றுகிறது என்பதைச் சீட்டாட்ட வரலாற்றாசிரியர் டேவிட் பார்லெற் எடுத்துக்காட்டியுள்ளார். தனிமை பின்னர் வந்து சேர்ந்த பண்பு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கரான றிச்சர்ட் கன்ஃபீல்ட் தமது சரட்டோகா சூதாட்ட மனையில் ஒரு கட்டுச் சீட்டை ஐம்பது டொலருக்கு விற்று, உரிய இடஞ்சேர்ந்த ஒவ்வொரு சீட்டுக்கும் ஐந்து டொலர் கொடுத்தார் என்பர். இங்கு எதிராளி சூதாட்ட மனைக்காரரே. வென்றவர் திறமையால் வென்றாரா, நல்ல சீட்டு விழுந்தமையால் வென்றாரா என்று கேட்பார் எவருமிலர்.

அவ்வினாவுக்கு விடை காண முயன்றவர்கள் வேறொரு மேசையில் இருந்தனர். 1857இல் இலண்டனில், ‘கவென்டிஷ்’ என்ற புனைபெயரால் அறியப்பட்ட ஹென்றி ஜோன்ஸின் வழிகாட்டலில், ஒரே சீட்டுப் பங்கீட்டை வெவ்வேறு அணியினர் ஆடும் விஸ்ற் ஆட்டம் நடத்தப்பட்டது. எல்லார்க்கும் ஒரே சீட்டு. ஆதலின் பெறுபேற்றில் எஞ்சும் வேறுபாடு ஆடுவோரைச் சார்ந்தது. சூதை அளவைக்குட் கொணர்ந்த மாபெரும் கருத்தென இதனை மதிக்கலாம். கவென்டிஷ் தனியாள் ஆட்டங்களைப் பற்றியும் 1890இல் ஒரு நூல் எழுதினார். எனினும் இக்கருத்தை அவற்றோடு இணைப்பதற்குக் கணினி தோன்றவேண்டியிருந்தது.

கணினியோ தன் இளமைப் பருவத்திலேயே இவ்வாட்டத்துக்குக் கடன்பட்டது. 1946இல் நோயுற்றுத் தேறிவந்த கணிதவியலாளர் ஸ்ரனிஸ்லாவ் உலாம் தனியாள் சீட்டாடிப் பொழுதைக் கழித்தார். ஓர் ஆட்டம் வெற்றியாக முடிவதற்கான வாய்ப்பு யாது எனக் கணிக்க முயன்று, அது கடினமாகவே, நூறு முறை ஆடி எண்ணிப் பார்த்தால் என்ன என்று எண்ணினார். மொன்ரே காலோ முறை எனப் பின்னர் பெயர்பெற்று, அணுவியல் முதல் பொருளியல் வரை பரவிய கணிப்பு முறையின் தோற்றுவாய் இதுவே. நம்மவர் இதிற் பெரிதும் வியக்கமாட்டார். இருதுபன்னனிடம் எண்ணும் வித்தையைக் கற்றபின் நளன் சூதில் இழந்ததை மீட்ட கதையை நாம் பள்ளியிலேயே படித்தவர்கள்.

1978இல் இலினோய் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் போல் அல்பீல், அங்கிருந்த பிளேட்டோ என்னும் கணினி வலையமைப்பில் (தத்துவஞானிக்கும் அதற்கும் பெயரளவிலேயே தொடர்பு) ‘பிறீசெல்’ ஆட்டத்தை ஆக்கினார். ஐம்பத்திரண்டு சீட்டுகளும் எட்டு நிரல்களில் முகந்தெரிய விரிக்கப்படும். நான்கு வெற்றிடங்கள் தற்காலிகமாகச் சீட்டு வைப்பதற்கு உதவும். ஒவ்வோர் இனத்தையும் ஏஸ் முதல் ராசா வரை அடுக்கி முடித்தல் வேண்டும். மறைந்த சீட்டு எதுவுமில்லை என்பதே இவ்வாட்டத்தின் உயிர்நிலை. தொடர்ச்சியாக வென்றோரின் தரவரிசைப் பட்டியலை அக்கணினி பேணியது. தெரிந்தெடுத்த கடினமான பங்கீடுகளைக் கொண்டு போட்டிகளையும் நடத்தியது. ஒருவர் முகத்தை ஒருவர் காணாத மாணவர்கள் ஒரே பங்கீட்டோடு போராடினர். கவென்டிஷின் கருத்து தனியாள் ஆட்டத்தை வந்தடைந்தது இங்கேதான்.

பிளேட்டோவில் இவ்வாட்டத்தைச் சுவைத்த ஜிம் ஹோர்ன் அதனை விண்டோஸ் கணினிக்குக் கொணர்ந்தபோது, 32,000 பங்கீடுகளுக்கு இலக்கமிட்டார். சிறு செயல், விளைவு பெரிது. உலகின் எம்மூலையிலும் 617ஆம் ஆட்டம் என்றால் அதே ஆட்டம். 1994இல் டேவ் றிங் என்பவர் இணையவழித் தொண்டர்களைத் திரட்டி 32,000 ஆட்டங்களையும் பகிர்ந்தளித்தார். ஓராண்டுக்குள் ஒன்றைத் தவிர அனைத்தும் தீர்க்கப்பட்டன. எஞ்சிய 11982ஆம் ஆட்டம் பலர் கைக்கும் வசப்படவில்லை. அது தீர்க்கவியலாதது என்பதைப் பின்னர் கணினி நிரல்கள் உறுதிப்படுத்தின. ஆகவே இவ்வாட்டத்தில் தோற்றவர் சீட்டைக் குறைகூற ஏறத்தாழ இடமேயில்லை.

1990இல் விண்டோஸ் 3.0 உடன் வெளிவந்து உலகெங்கும் அலுவலக மேசைகளை ஆட்கொண்ட ‘சொலிடெயர்’ அத்தகையதன்று. கிளொண்டைக் எனப்படும் அவ்வாட்டத்தில் பல சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கும். எல்லாச் சீட்டும் தெரிந்தாலும் ஏறத்தாழ 82 சதவீதமே வெல்லத்தக்கவை என 2019இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. அதன் புள்ளியிடும் முறைகளுள் ஒன்று 52 டொலர் கடனுடன் தொடங்கிச் சீட்டுக்கு ஐந்து டொலர் சேர்ப்பது. கன்ஃபீல்டின் ஆவி திரையிலும் உலாவுகிறது. இதில் விரைவை அளக்கும் போட்டிகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. வெவ்வேறு பங்கீடு பெற்ற இருவரின் நேரங்களை ஒப்பிடுவது, வெவ்வேறு வினாத்தாள் எழுதிய இருவரின் புள்ளிகளை ஒப்பிடுவது போன்றது.

இவ்வேறுபாடு நீதிமன்றங்களையும் எட்டியுள்ளது. 1968இல் இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரிதும் திறமை சார்ந்த ஆட்டமெனக் கொண்டது. பணம் கட்டி ஆடும் இணைய ரம்மி நிறுவனங்கள் பிற்காலத்தில் இத்தீர்ப்பின் நிழலிலேயே ஒதுங்கின. தமிழ்நாடு 2022இல் இயற்றிய தடைச் சட்டத்தைப் பொறுத்தவரை, ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு சார்ந்தவையாகக் கொண்ட பகுதி செல்லாதெனச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. திறமை நிறுவப்பட்டால் பணயம் தூய்மையாகிவிடும் என்னும் இவ்வாதம் எனக்கு ஏற்புடையதன்று. ஒரே பங்கீடு திறமையைக் காட்டும்; மாதச் சம்பளத்தை ஓரிரவில் இழந்தவனின் குடும்பத்துக்கு அது எதையும் காட்டாது.

இலங்கைச் சட்டம் தொடக்கத்திலேயே வேறு வினாவை எழுப்பியது. 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச்சட்டம், பணயம் உண்டா, ஆடுமிடம் பொதுவிடமா அல்லது சூதாட்ட நிலையமா என்பவற்றையே பெரிதும் நோக்கியது. சேவற்சண்டை மட்டும் பணயமின்றியும் குற்றமாயிற்று. இந்தியா 2025இல் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமையோ வாய்ப்போ எதுவாயினும் பணயம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. 136 ஆண்டுகளின் பின் அண்டை நாட்டின் சட்டமும் பணயத்தையே உரைகல்லாகக் கொண்டுள்ளது. பணயமின்றி இலக்கமிட்ட பங்கீடொன்றை நண்பனுக்குச் சவாலாக விடுக்கும் மாணவனை இவ்விரு சட்டங்களும் தீண்டா. பரீட்சைக் காலத்தில் விடுதிக் காப்பாளர் அவனை என்செய்வார் என்பது வேறு விடயம்.