1882: அமீனா கையால் எரிந்த நோட்டீஸ்

சென்ற வாரம் போரெரெய்க் ஊரோடு நிறுத்தியிருந்தோம். 1853-ல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் அந்தக் கடலோரக் கிராமத்தை மெக்டொனால்டு பிரபுவின் பண்ணை நிர்வாகம் ஆடுகளுக்காகக் காலி செய்தது. ஜனங்கள் அழுதுகொண்டே மூட்டை கட்டினார்கள். 29 வருஷம் கழித்து, அதே பண்ணை அதே தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் பிரேஸ் பகுதிக்கு அமீனாவை அனுப்பியது. இந்த முறை யாரும் மூட்டை கட்டவில்லை.

1882 ஏப்ரல் 7. போர்ட்ரீ நகரிலிருந்து வெளியேற்ற நோட்டீஸ்களோடு வந்தவர் ஆங்கஸ் மார்ட்டின். சுமார் 150 பேர் வழியை மறித்து நின்றார்கள். காகிதங்களைப் பிடுங்கித் தாங்களே எரித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், கொண்டுவந்தவர் கையாலேயே அவற்றைக் கொளுத்த வைத்தார்கள். இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிற இடம் இது. தலைமுறை தலைமுறையாக அந்தக் காகிதத்தைக் கண்டாலே நடுங்கிய ஜனங்கள் அவர்கள்.

சண்டை ஒரு மலையைப் பற்றியது. பென் லீ என்று பெயர். பிரேஸ் குடிகள் 'கிராஃப்டர்கள்'. அதாவது, சில ஏக்கர் துண்டு நிலத்தைப் பிரபுவிடம் வருஷக் குத்தகைக்கு வாங்கி, உருளைக்கிழங்கும் ஓட்ஸும் போட்டுப் பிழைப்பவர்கள். அந்த நிலம் மட்டும் வயிற்றுக்குப் போதாது. ஆண்கள் மீன்பிடிக்கவும் கூலிக்கும் வெளியே போவார்கள். வீட்டில் நாலு காசு மிஞ்சுவது மாடும் ஆடும் வளர்ப்பதால்தான். அவை மேய்வது பொது மேய்ச்சலான மலையில்தான். 1865-ல் பண்ணை அந்த மலையை எடுத்துப் பெரிய ஆட்டுப்பண்ணைக்காரருக்குக் குத்தகை விட்டது. மலை போனது, குடிகளின் குத்தகைத் தொகை மட்டும் குறையவில்லை.

அவர்கள் குடியிருந்த வீட்டையும் பார்க்க வேண்டும். கல் சுமந்து சுவர் எழுப்பியது குடியானவர், கூரை வேய்ந்தது அவர், சதுப்பை வெட்டி விளைநிலமாக்கியது அவர். ஆனால் கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அடுத்த வருஷம் கிளம்பு என்றால் கிளம்ப வேண்டும்; கட்டிய சுவருக்கு நஷ்டஈடு இல்லை. நிலத்தைத் திருத்தினால் குத்தகை ஏறும் என்ற பயத்தில் பலர் திருத்தாமலே விட்டார்கள். சோம்பேறிகள் என்று அதற்கும் திட்டு வாங்கினார்கள்.

ஸ்கை தீவின் மீனவர்கள் அயர்லாந்தின் கின்சேல் பக்கம் தொழிலுக்குப் போய்வருவார்கள். அங்கே குத்தகை கட்ட மறுத்த விவசாயிகள் 1881-ல் கிளாட்ஸ்டன் அரசிடமிருந்து ஒரு நிலச் சட்டத்தையே வாங்கியிருந்தார்கள். மீனோடு அந்தச் செய்தியும் ஊருக்கு வந்தது. பென் லீ குத்தகை 1882-ல் முடியப்போகிறது, மலையைத் திருப்பித் தாருங்கள் என்று பிரேஸ் குடிகள் கேட்டார்கள். மறுத்ததும் குத்தகை கட்டுவதை நிறுத்தினார்கள். நோட்டீஸ் வந்தது அதற்குத்தான்.

நோட்டீஸ் எரிந்தால் அரசு சும்மா இருக்குமா? கிளாஸ்கோவிலிருந்து சுமார் 50 போலீஸாரை வரவழைத்துக்கொண்டு ஷெரிஃப் ஐவரி ஏப்ரல் 19 அதிகாலையில் மழையோடு மழையாக பிரேஸுக்குள் நுழைந்தார். ஐந்து பேரைக் கைது செய்து திரும்பும் வழியில், பாதை குறுகிச் சரிவையும் கடலையும் ஒட்டிப் போகிற இடத்தில், மேலிருந்து கற்கள் விழுந்தன. எறிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போலீஸ் தடியைச் சுழற்றியது. ஏழு பெண்கள் காயப்பட்டார்கள். 'டண்டீ அட்வர்டைசர்' நிருபர் அலெக்ஸாண்டர் கோ கண்ணால் பார்த்து எழுதினார். ஐவர் மீதும் ஜூரி இல்லாமல் வழக்கு நடத்தி அபராதம் போட்டார்கள். அனுதாபிகள் அதை உடனே கட்டினார்கள். முப்பது வருஷத்துக்கு முன் போரெரெய்க் காலியானபோது இப்படிக் கவனிக்க யாருமில்லை. வருஷக் கடைசியில் பென் லீ, குத்தகைக்குத்தான் என்றாலும், பிரேஸ் குடிகளிடமே திரும்பியது.

நெருப்பு தீவின் மேற்கே கிளென்டேலுக்குப் பரவியது. அங்கே 1883 பிப்ரவரியில் 'ஜாக்கல்' என்ற போர்க்கப்பல் வந்து நின்றது. அங்கே போராடிய ஜான் மெக்பெர்சனும் கூட்டாளிகளும் எடின்பரோவில் இரண்டு மாதம் சிறையிருந்தார்கள். மாடு மேய்ப்பதற்காகப் போராடியவர்களை நோக்கிப் போர்க்கப்பல்! கடைசியில் அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது.

அதன் தலைவர் பெயர் நமக்குத் தெரிந்ததுதான். மெரினாவிலிருந்து கோட்டைப் பக்கம் போகும்போது கூவத்தைத் தாண்டுகிறோமே, அந்த நேப்பியர் பாலத்து நேப்பியர்! 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநர். பாலம் 1869-ல் கட்டியது. அவர் ஆண்ட இந்த மாகாணத்தில் இருந்தது, குடியானவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை. அதை இங்கே நிலைநிறுத்திய தாமஸ் மன்றோவும் கிளாஸ்கோவில் பிறந்தவர்தான். அந்த முறையின் கொடுமைகள் தனிக் கதை. ஆனாலும் வரி கட்டும்வரை நிலத்தை விட்டு எழுப்ப முடியாத குடியானவரை ஆறு வருஷம் ஆண்டுவிட்டு, வரி கட்டினாலும் எழுப்பக்கூடிய சொந்த நாட்டுக் குடியானவரை விசாரிக்கப் போனார் நேப்பியர். குழுவில் ஆறு பேர். நிலப்பிரபுக்கள் உண்டு, ஒரு கிராஃப்டர்கூட இல்லை. அந்தக் குறையை ஜனங்கள் அப்போதே சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

முதல் அமர்வு 1883 மே 8 அன்று பிரேஸிலேயே நடந்தது. முதல் சாட்சி பென்கோரன் ஊர் ஆங்கஸ் ஸ்டூவர்ட். கேலிக் மொழியில் பேசினார், மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். குறையைச் சொல்லச் சொன்னால் அவர் முதலில் கேட்டது ஒரு வாக்குறுதி. நான் உண்மை பேசினால் என்னை நிலத்தை விட்டு எழுப்பமாட்டீர்களே? இதற்கு முன் அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன் என்றார். அந்த வாக்குறுதியைத் தரத் தனக்கு அதிகாரமில்லை என்றார் நேப்பியர். ராணியின் ஆணையோடு வந்த குழுவுக்கு அதிகாரமில்லை. அங்கே இருந்த பண்ணைக் காரியஸ்தர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொன்ன பிறகுதான் ஸ்டூவர்ட் வாய் திறந்தார். அந்த ஊரின் பயத்தை இதைவிடத் துல்லியமாக எந்தப் புள்ளிவிவரமும் எனக்குச் சொன்னதில்லை.

குழு 775 சாட்சிகளைக் கேட்டது. நடுவில் லூயிஸ் தீவருகே அவர்கள் சென்ற 'லைவ்லி' கப்பல் பாறையில் மோதி உடைந்தது, எல்லோரும் தப்பினார்கள். 1884 அறிக்கையில் நேப்பியர், ஊரார் மேய்ச்சலைக் கூட்டாக வைத்துக்கொள்ளும் ஊர்ப் பொதுமைக்கே பெரிய இடம் கொடுத்தார். நில உரிமைப் பாதுகாப்பையோ வருஷத்துக்கு 6 பவுண்டுக்கு மேல் குத்தகை கட்டுவோருக்கு மட்டும் பரிந்துரைத்தார். ஏழைகளிலும் ஏழைகளை அது வெளியே நிறுத்தியது. இதற்குள் கிராஃப்டர்களுக்கு வாக்குரிமை கிடைத்துவிட்டது. 1885 தேர்தலில் தங்கள் ஆட்களையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

1886-ல் வந்த சட்டம் அறிக்கையைத் தாண்டிப் போனது. நியாயக் குத்தகையை முடிவு செய்ய ஓர் ஆணையம், கட்டிய வீட்டுக்கும் திருத்திய நிலத்துக்கும் நஷ்டஈடு, வாரிசுக்கு விட்டுப்போகும் உரிமை எல்லாம் அதில் இருந்தன. பறிபோன நிலங்களை மீட்டுத் தரவில்லை. நிலமே இல்லாதவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்தச் சண்டை இன்னும் பல வருஷம் நடந்தது. ஆனால் அதன் முதல் பிரிவே, குத்தகையை ஒழுங்காகக் கட்டிச் சட்டத்தின் நிபந்தனைகளை மீறாத கிராஃப்டரை நிலத்தை விட்டு எழுப்பக் கூடாது என்றது. பிரேஸில் காரியஸ்தர் வாயிலிருந்து ஆங்கஸ் ஸ்டூவர்ட் கேட்டு வாங்கிய அதே வாக்குறுதி.

(தொடரும்)